கோடு திரும்பும் இடத்தில் என்ன நடந்தது?

ஒரு வரைபடத்தைச் சொல்கிறேன், பக்கத்தில் தாள் இருந்தால் வரைந்துகொள்ளுங்கள். கிடை அச்சில் நேரம், நிமிடங்களில். செங்குத்து அச்சில், ஒருவர் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பது, மீட்டரில். கோடு பூஜ்யத்தில் தொடங்கி நேராக ஏறி 10ஆவது நிமிடத்தில் 800 மீட்டரைத் தொடுகிறது. 14ஆவது நிமிடம் வரை மட்டமாகப் போகிறது. அங்கிருந்து இறங்கி 18ஆவது நிமிடத்தில் 400க்கு வருகிறது. பிறகு முன்பைவிடச் செங்குத்தாக ஏறி 23ஆவது நிமிடத்தில் 1200இல் முடிகிறது.

இதில் என்ன நடந்தது என்று மாணவர்களிடம் கேட்டால் பலரிடமிருந்து வரும் முதல் பதில் இதுதான்: “ஒருத்தர் மலை ஏறுறார், மேல கொஞ்ச தூரம் சமதளம், அப்புறம் இறங்குறார், மறுபடி இன்னும் பெரிய மலை.” கோட்டின் உருவத்தையே பாதையின் உருவமாக எடுத்துக்கொண்ட பதில். இயற்பியல் கல்வி ஆய்வாளர்களுக்கு இது பழகிய விஷயம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டெர்மட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் இயக்க வரைபடங்களில் மாணவர்கள் தடுமாறும் இடங்களை விரிவாகப் பதிவு செய்தார்கள். இந்த வரைபடங்களுக்கென்றே ஒரு தேர்வை உருவாக்கி 1994இல் வெளியிட்டார் ராபர்ட் பைக்னர். வரைபடத்தை நிழற்படம்போலப் பார்க்கும் பழக்கம் அதிலும் முக்கியமான ஒரு தலைப்பு.

சரியான வாசிப்பில் மலையே கிடையாது. முதல் 10 நிமிடம் நிமிடத்துக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 4.8 கி.மீ. சாதாரண நடை. அடுத்த 4 நிமிடம் ஆள் நிற்கிறார். பிறகு நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் திரும்பி நடக்கிறார். போனதைவிடத் திரும்பும் வேகம் அதிகம் என்பதைக் கவனியுங்கள், ஏதோ அவசரம். 400 மீட்டரில் நிற்காமலேயே திசையை மாற்றி, நிமிடத்துக்கு 160 மீட்டரில் ஓடுகிறார். அது மணிக்கு 9.6 கி.மீ., மெல்லோட்டம். வழியில் எதையோ தவறவிட்டு, நின்று தேடிப் பார்த்து, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று ஒரு கதை சொல்லலாம். வேறு கதையும் சொல்லலாம். ஆனால் எந்தக் கதையாக இருந்தாலும் 10, 14, 18 ஆகிய மூன்று நிமிடங்களில் அந்த ஆளின் வாழ்க்கையில் ஏதோ ஒன்று மாறியாக வேண்டும்.

நான் சொல்ல வருவது இந்த மூன்று நிமிடங்களைப் பற்றித்தான். துண்டு துண்டாக வரையறுக்கப்பட்ட சார்பை, அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தனி விதி இருக்கும் தொடர்பைப் பாடத்தில் நடத்தும்போது துண்டுகளுக்கே கவனம் போகிறது. இந்தத் துண்டின் சாய்வு என்ன, அந்தத் துண்டின் சமன்பாடு என்ன, சார்பகம், அதாவது அந்த விதி பொருந்தும் நேரம், எங்கிருந்து எங்கே வரை, என்றெல்லாம். இவை தேவைதான். ஆனால் ஒரு துண்டுக்குள் கதை எதுவும் நடப்பதில்லை. ஒரே வேகம், ஒரே திசை, ஒரே விதி. கதை நடப்பதெல்லாம் ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் மூட்டில். மூட்டை வாசிக்கத் தெரிந்தவருக்கு வரைபடம் பேசும்.

அந்த நான்காவது துண்டின் சமன்பாட்டைப் பாருங்கள். இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: தொலைவு = 400 + 160 × (நேரம் − 18). இன்னொன்று, அதையே விரித்து: தொலைவு = 160 × நேரம் − 2480. கணக்குப்படி இரண்டும் ஒன்று. பல விடைத்தாள்களில் இரண்டாவதைத்தான் காண்கிறோம், ‘சுருக்கி எழுதுக’ என்ற பழக்கம் அப்படி. எனக்கோ முதலாவதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று தோன்றும். 400 என்பது அவர் ஓட ஆரம்பித்த இடம். 160 ஓடும் வேகம். (நேரம் − 18) என்பது ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆனது என்பது. மூட்டில் கடிகாரத்தைப் புதிதாக அழுத்தி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறோம். சுருக்கிய வடிவத்தில் வரும் −2480 அந்த ஆளின் பயணத்தில் எங்குமே இல்லாத எண். அவர் எந்த நொடியிலும் புறப்பட்ட இடத்துக்கு 2480 மீட்டர் பின்னால் நின்றதில்லை. கோட்டைச் சார்பகத்துக்கு வெளியே பின்னோக்கி இழுத்தால் கிடைக்கும் கற்பனைப் புள்ளி அது. இயக்கத்தை விவரிக்கும் சமன்பாட்டைச் சுருக்காமல் விடுவதில் ஒரு குறையும் இல்லை. இதை ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சராசரி பற்றியும் ஒரு வார்த்தை. அவர் நடந்தும் ஓடியும் கடந்த மொத்தத் தூரம் 800 + 400 + 800 = 2000 மீட்டர். 23 நிமிடத்துக்குச் சராசரி வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 87 மீட்டர். இடப்பெயர்ச்சியோ, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடம் இருக்கும் தொலைவோ, 1200 மீட்டர்தான். ஆகவே சராசரித் திசைவேகம், அதாவது திசையையும் கணக்கில் கொண்ட வேகம், நிமிடத்துக்குச் சுமார் 52 மீட்டர். நான்கு சாய்வுகளைக் கூட்டி நான்கால் வகுத்தால் இந்த இரண்டில் எதுவும் வராது, ஏனென்றால் துண்டுகளின் கால அளவு சமமாக இல்லை.

இனி அச்சுக்கு வருவோம். செங்குத்து அச்சில் தொலைவுக்குப் பதில் திசைவேகத்தை எழுதிவிட்டால் அதே கோடு முற்றிலும் வேறு கதையாகிவிடும். மட்டமான கோடு நிற்பதைக் குறிக்காது, மாறாத வேகத்தில் போவதைக் குறிக்கும். இறங்கும் கோடு திரும்பி வருவதைக் குறிக்காது. வேகம் குறைகிறது, ஆனால் ஆள் இன்னும் முன்னால்தான் போகிறார். கோடு கிடை அச்சைத் தாண்டிக் கீழே போனால் மட்டுமே திசை மாறியிருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் ஒன்று உண்டு. திசைவேக வரைபடம். முதல் 4 நொடி, நொடிக்கு 3 மீட்டரில் மட்டமான கோடு. 4 முதல் 10 நொடி வரை கோடு சீராக இறங்கி, +3இலிருந்து −3க்கு வருகிறது. 10 முதல் 14 வரை −3இலேயே மட்டம். என்ன நடந்திருக்கும்?

சமதளத்தில் உருளும் ஒரு பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 4ஆவது நொடியில் அது ஒரு சாய்தளத்தின் அடியைத் தொடுகிறது. ஏற ஏற வேகம் குறைகிறது. 7ஆவது நொடியில், கோடு அச்சை வெட்டும் இடத்தில், பந்து உச்சியில். பிறகு அதே சரிவில் கீழே வருகிறது. 10ஆவது நொடியில் சமதளத்துக்கு வந்து, வந்த வழியே உருண்டு போகிறது. உராய்வால் வரும் ஆற்றல் இழப்பை விட்டுவிட்டால் எண்கள் கச்சிதமாகப் பொருந்தும். சரிவில் முடுக்கம் −1, அதாவது ஒவ்வொரு நொடியிலும் திசைவேகம் நொடிக்கு 1 மீட்டர் குறைகிறது. வழுக்காமல் உருளும் திண்மக் கோளத்துக்கு இதைக் கொடுக்க சுமார் 8 பாகைச் சரிவு போதும். சரிவில் ஏறிய நீளம் நான்கரை மீட்டர். 14ஆவது நொடியில் பந்து புறப்பட்ட இடத்திலேயே இருக்கிறது.

இங்கே உண்மையிலேயே ஒரு மேடு இருக்கிறது. ஆனால் பந்து மேட்டில் ஏறும்போது கோடு இறங்குகிறது. பந்து திரும்பி இறங்கும்போதும் கோடு இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது! இன்னும் கூர்ந்து பார்த்தால் 7ஆவது நொடியில் கோட்டில் மூட்டே இல்லை. திசை மாறுகிறது, பந்து ஒரு கணம் வேகமின்றி இருக்கிறது, ஆனாலும் கோடு அந்தப் புள்ளியை எந்தச் சலனமும் இல்லாமல் கடக்கிறது. ஏனென்றால் அங்கே பந்தின் மீது செயல்படும் விசை மாறவில்லை. மாறியது 4லும் 10லும்தான், சமதளமும் சரிவும் சந்திக்கும் இடங்களில். மூட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. வேகம் பூஜ்யமாவதும் நின்றுவிடுவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படத்தை நான் பார்த்ததில்லை.

கிடை அச்சையும் நம்பிவிடக் கூடாது. 15 வயது மாணவர்களுக்காக நடந்த 2000ஆம் ஆண்டின் பீசா (PISA) என்ற பன்னாட்டுத் தேர்வில் ஒரு கேள்வி புகழ்பெற்றது. 3 கி.மீ. நீளமுள்ள சமதளப் பந்தயப் பாதையில் ஒரு காரின் வேகம், இரண்டாம் சுற்றில். செங்குத்து அச்சில் வேகம். கிடை அச்சில் நேரம் இல்லை, பாதையில் கடந்த தூரம். கோடு சில இடங்களில் தாழ்ந்து மீண்டும் ஏறுகிறது. கொடுத்திருக்கும் பாதைகளில் கார் ஓடியது எது என்று கேட்கிறார்கள். கோட்டின் வளைவைப் பாதையின் வளைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் வழி தவறுவார். கோடு தாழும் ஒவ்வொரு இடமும் ஒரு திருப்பம். எவ்வளவு ஆழமாகத் தாழ்கிறதோ அவ்வளவு கூர்மையான திருப்பம். ‘இரண்டாம் சுற்று’ என்று சொன்னதிலும் அக்கறை இருக்கிறது. முதல் சுற்று என்றால் கோடு பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டாம் சுற்றில் கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

திசைவேக வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே அடைபடும் பரப்புதான் கடந்த தூரம். இந்த எண்ணம் நியூட்டனுக்கும் முந்தையது. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் 1330களிலேயே, சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரம் அதன் நடுவேகத்தில் சீராகப் போகும் பொருள் கடக்கும் தூரத்துக்குச் சமம் என்று கண்டார்கள். 1350 வாக்கில், பிற்காலத்தில் லிசியூவின் பிஷப்பான நிக்கோல் ஒரேம் அதைப் படமாகவே வரைந்தார். காலத்தை ஒரு கிடைக்கோடாகப் போட்டு, ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் கோடாக வைத்தார். சீராகக் கூடும் வேகம் முக்கோணம் ஆயிற்று, மாறாத வேகம் செவ்வகம் ஆயிற்று. முக்கோணத்தின் பரப்பும் பாதி உயரமுள்ள செவ்வகத்தின் பரப்பும் ஒன்று என்று காட்டினார். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விழும் பொருளுக்கு இதே முக்கோணம் வருகிறது. நம் பந்தின் வரைபடத்தில் அச்சுக்கு மேலே ஒரு செவ்வகமும் ஒரு முக்கோணமும், கீழே அவற்றுக்குச் சமமான ஜோடியும் இருக்கின்றன. கீழே உள்ளவற்றைக் கழித்தல் குறியோடு கூட்டினால் இடப்பெயர்ச்சி பூஜ்யம்.

அப்புறம் மூட்டுகள். எந்த மூட்டை இயற்கை அனுமதிக்கும், எதை அனுமதிக்காது? நான் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

தொலைவு–நேர வரைபடத்தில் இடைவெளி இருக்க முடியாது. 300 மீட்டரில் இருந்த ஆள் அடுத்த கணமே 500இல் இருக்க வழியில்லை. அப்படி ஒரு தாவல் தெரிந்தால் தவறு ஆளிடம் இல்லை, அளந்த கருவியிடம் இருக்கிறது. சுரங்கப் பாதைக்குள் போன வாகனத்தின் ஜிபிஎஸ் பதிவில் இதைப் பார்க்கலாம். சிக்னல் அறுந்து, வெளியே வந்ததும் வேறு இடத்தில் தொடரும். நடுவே நடந்ததைப் பற்றி அந்தப் பதிவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் கோடும் ஆகாது. ஒரே கணத்தில் ஒரே ஆள் பல இடங்களில் இருப்பதாகிவிடும், அது சார்பே அல்ல.

அதே வரைபடத்தில் கூர்மையான முனை? முதலில் சொன்ன நடைக்காரர் 18ஆவது நிமிடத்தில் −100இலிருந்து +160க்குக் கண நேரத்தில் மாறுகிறார். கறாராகச் சொன்னால் இதுவும் நடக்காது, முடிவிலி முடுக்கம் வேண்டும். ஆனால் உண்மையில் அவர் திரும்பி வேகம் பிடிக்க ஓரிரு நொடி எடுத்திருப்பார். 23 நிமிடம் நீளும் தாளில் ஒரு நொடி பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். எந்த அளவுகோலில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து முனை உண்மையாகவும் இருக்கும், மழுங்கியும் இருக்கும். டென்னிஸ் மட்டையில் பந்து தொட்டிருப்பது சுமார் 5 மில்லிநொடிதான். ஆட்டத்தின் அளவுகோலில் அது கூரிய முனை. அதிவேகக் கேமராவின் அளவுகோலில் அங்கே பந்து நசுங்கி விரியும் வளைகோடு ஒன்று இருக்கிறது.

இன்னொரு வகை மூட்டும் உண்டு, அது இயக்கத்தில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். 20 மீட்டருக்கு ஒருமுறை எடுத்த நேரங்கள்: 2.89, 4.64, 6.31, 7.92, 9.58. இந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் ஐந்து துண்டு வரைபடம் கிடைக்கிறது. துண்டுகளின் சாய்வு, நொடிக்கு மீட்டரில், 6.92, 11.43, 11.98, 12.42, 12.05. நான்காவது துண்டுதான் செங்குத்தானது, அங்கே மணிக்கு 44.7 கி.மீ. கடைசி 20 மீட்டரில் அவரும் சற்றுத் தளர்ந்திருக்கிறார். ஒட்டுமொத்தச் சராசரி 10.44 மட்டுமே. தொடக்கத்தின் மெதுவான துண்டு அதை இழுத்துப் பிடிக்கிறது.

ஆனால் 40 மீட்டரிலோ 60 மீட்டரிலோ போல்ட் எதையும் ‘மாற்றவில்லை’. அந்த மூட்டுகள் கடிகாரம் வைத்த இடங்கள். 10 மீட்டருக்கு ஒன்று என்று அளந்திருந்தால் மூட்டுகள் வேறு இடங்களிலும் முளைத்திருக்கும். இந்த வரைபடத்தில் இயக்கத்துக்கே சொந்தமான மூட்டு ஒன்று உண்டு, மேலே சொன்ன எண்களில் அது தெரிவதில்லை. துப்பாக்கி ஒலித்து 0.146 நொடி வரை அவர் அசையவே இல்லை. அதுவரை சார்பின் மதிப்பு பூஜ்யம், அதன்பிறகே ஓட்டம். ஒரு மூட்டைப் பார்த்தால், இது ஓடியவருடையதா அளந்தவருடையதா என்று கேட்டுப் பழக வேண்டும். செய்திகளில் வரும் பல வரைபடங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மூட்டின் சங்கடத்தை உடம்பாலேயே உணர ஒரு வழி இருக்கிறது. மீயொலியால் தூரம் அளக்கும் உணரியை மேசையில் வைத்துக் கணினியோடு இணைத்துவிட்டு, அதன் முன்னால் நடக்க வேண்டும். விலகி நடந்தால் திரையில் கோடு ஏறும், நெருங்கினால் இறங்கும், நின்றால் மட்டம். 1980களில் இப்படிப்பட்ட கருவிகள் வகுப்புக்கு வந்தபோது ஹெதர் பிராசல் 1987இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடக்கும்போதே கோடு திரையில் வளர்ந்தால் மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நடந்து முடித்து, அரை நிமிடம்கூட ஆகாத தாமதத்துக்குப் பிறகு கோட்டைக் காட்டியபோது அந்தப் பலன் பெருமளவு போய்விட்டது. கால் தரையில் படும் கணமும் கோடு அசையும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டியிருக்கிறது.

திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டி ‘இதை நடந்து காட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். நேர்கோடுகளை எல்லோரும் ஓரளவு நடந்துவிடுவார்கள். மூட்டில்தான் திணறுவார்கள். திடீரென்று நிற்க உடம்பு ஒத்துழைக்காது, ஓர் அடி கூடவே போகும், திரையில் முனை வட்டமாக வழியும். அந்த வட்டமான முனையைத் தவறு என்று அழித்துவிடாமல் அதையே பேசுபொருளாக்கும் ஆசிரியர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை. நிறையுள்ள ஓர் உடல் அங்கே இருக்கிறது என்பதற்கு அந்த வட்டம்தானே சாட்சி?

பொறியாளர்கள் இந்த வட்டத்தைத் திட்டமிட்டே வரைகிறார்கள். மின்தூக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய வடிவத்தில் அதன் திசைவேக வரைபடம் ஒரு சரிவகம். 2 நொடியில் நொடிக்கு 2 மீட்டர் வேகம் பிடிக்கிறது, 10 நொடி அதே வேகம், அடுத்த 2 நொடியில் நிற்கிறது. பரப்பு 2 + 20 + 2, மொத்தம் 24 மீட்டர். தொலைவு வரைபடத்தில் இது ஒரு பரவளையத் துண்டு, ஒரு நேர்கோடு, மறுபடி ஒரு பரவளையத் துண்டு. மூட்டுகளில் சாய்வு இருபுறமும் பொருந்துவதால் முனையே தெரியாது. கண்ணுக்கு அழகான, வழுவழுப்பான கோடு.

ஆனால் உள்ளே நிற்பவரின் வயிறு ஒத்துக்கொள்ளாது. சரிவகத்தின் நான்கு மூலைகளிலும் முடுக்கம் சட்டென்று தாவுகிறது, பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு, ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு. உடம்பு வேகத்தை உணர்வதில்லை. முடுக்கத்தை உணர்கிறது, முடுக்கம் தாவினால் அதைக் குலுங்கலாக உணர்கிறது. முடுக்கம் மாறும் விரைவைப் பொறியாளர்கள் ‘ஜெர்க்’ என்கிறார்கள். அதைக் கட்டுப்படுத்துவதற்காக மூன்று துண்டுகளை ஏழாக்குகிறார்கள். முடுக்கம் மெல்ல ஏறுவது, மாறாமல் இருப்பது, மெல்லக் குறைவது, சீரான வேகம், பிறகு நிறுத்துவதற்கு இன்னும் மூன்று. மின்தூக்கியில் மட்டுமல்ல, கணினிவழி இயங்கும் கடைசல் இயந்திரங்களிலும் முப்பரிமாண அச்சுப்பொறிகளிலும் இதே ஏழு துண்டுகளைப் பயன்படுத்துவதுண்டு. தொலைவு வரைபடத்தில் தெரியாத மூட்டு வேக வரைபடத்தில் தெரியும், வேக வரைபடத்தில் தெரியாதது முடுக்க வரைபடத்தில் தெரியும். நல்ல ஓட்டுநர் வண்டி நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் பிரேக்கைச் சற்றுத் தளர்த்துவார். முடுக்க வரைபடத்தின் கடைசி மூட்டை அவர் காலால் மழுக்குகிறார்.

நடந்ததைப் பதிவு செய்யத்தான் வரைபடம் என்றில்லை, நடக்கப்போவதை அதில் எழுதவும் செய்யலாம். பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன்-ஜூல் மாரே 1878இல் வெளியிட்ட நூலில், இப்ரி என்ற பொறியாளரின் முறைப்படி வரைந்த பாரிஸ்–லியோன் ரயில் அட்டவணை ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழாக நிலையங்கள், அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில். இடமிருந்து வலமாக ஒரு நாளின் மணிகள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. செங்குத்தாகச் சாய்ந்தது விரைவு ரயில், படுத்தாற்போலச் சாய்ந்தது மெதுவான ரயில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறு கிடைக்கோடு. எதிர்த் திசையில் வரும் ரயில்களின் கோடுகள் மாற்றுச் சாய்வில் வந்து இவற்றை வெட்டும். வெட்டும் இடத்தில் இரண்டு ரயில்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. இரட்டைப் பாதையில் அது சாதாரணம். ஒற்றைப் பாதையில் அந்தப் புள்ளி ஒரு நிலையத்தின் கோட்டில், ஒதுங்க இடமிருக்கும் இடத்தில் மட்டுமே விழ வேண்டும். வேறெங்காவது விழுந்தால் விபத்து. உலகெங்கும் ரயில் இயக்கத்தில் இருப்பவர்கள் இன்றும் இந்த வகைக் கோடுகளை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். ஒரு ரயில் தாமதமானால் அதன் மட்டமான துண்டு நீள்கிறது, அதற்குப் பின்னுள்ள கோடு முழுவதும் வலப்பக்கம் நகர்கிறது, வெட்டும் புள்ளிகளும் கூடவே நகர்கின்றன.

மனம் கனக்காமல் என்னால் வாசிக்க முடியாத வரைபடம் ஒன்று உண்டு. எல்லாப் பள்ளியிலும் இதை நடத்த வேண்டும் என்று நினைக்கிறேன். ஓடும் காருக்கு முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது. ஓட்டுநர் அதைப் பார்த்த கணம் நேரம் பூஜ்யம். திசைவேக வரைபடத்தில் இரண்டே துண்டுகள். முதல் துண்டு மட்டம். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போகும்வரை கார் அதே வேகத்தில் ஓடுகிறது. இரண்டாவது துண்டு பூஜ்யத்தை நோக்கி இறங்கும் நேர்கோடு. மூட்டு, கால் பிரேக்கைத் தொட்ட கணம்.

எதிர்வினைக்கு 1 நொடி, பிரேக்கின் எதிர்முடுக்கம் 5, அதாவது ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்று எடுத்துக்கொள்வோம். மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு 20 மீட்டர். முதல் துண்டின் செவ்வகம் 20 மீட்டர். இரண்டாவது துண்டின் முக்கோணம், 4 நொடி அடிப்பக்கம், 20 உயரம், பரப்பு 40 மீட்டர். கார் 60 மீட்டரில் நிற்கிறது.

இப்போது மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர். செவ்வகம் 25, முக்கோணம் 62.5, மொத்தம் 87.5 மீட்டர். வேகம் கால் பங்குதான் கூடியது, நிற்கும் தூரம் ஏறக்குறைய பாதி கூடிவிட்டது. முக்கோணத்தின் அடியும் உயரமும் சேர்ந்தே வளர்வதுதான் காரணம். அதைவிட முக்கியமாக ஒன்றைப் பாருங்கள். முதல் கார் நின்ற அதே 60ஆவது மீட்டரில் இரண்டாவது காரின் வேகம் என்ன? முதல் 25 மீட்டர் எதிர்வினையிலேயே போய்விட்டது, பிரேக் பிடித்தது 35 மீட்டர் மட்டும். வேகத்தின் வர்க்கம் 625 − 2 × 5 × 35 = 275. வேகம் நொடிக்கு 16.6 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. முதல் கார் அசையாமல் நிற்கும் இடத்தில் இரண்டாவது கார் 60இல் பாய்கிறது.

இனி பழைய 72 கி.மீ. வேகத்துக்கே வாருங்கள், ஓட்டுநரின் கண் மட்டும் ஒரு நொடி கைபேசியில் இருந்தது என்று வையுங்கள். பிரேக் அதேதான், சாலை அதேதான், இரண்டாவது துண்டின் சாய்வில் மாற்றமே இல்லை. மூட்டு மட்டும் 1ஆவது நொடியிலிருந்து 2ஆவது நொடிக்கு நகர்கிறது. செவ்வகம் 40 மீட்டர் ஆகிறது, நிற்கும் தூரம் 80. அந்த 60ஆவது மீட்டரில் பிரேக் பிடித்து 20 மீட்டர்தான் ஆகியிருக்கும். வர்க்கம் 400 − 200 = 200, வேகம் நொடிக்கு 14.1 மீட்டர், மணிக்கு சுமார் 51 கி.மீ.

ஈரமான சாலைக்கு எதிர்முடுக்கத்தை 5க்குப் பதில் 3 என்று வைத்து நீங்களே வரைந்து பாருங்கள். இரண்டாவது கோடு எவ்வளவு படுத்துவிடுகிறது, முக்கோணத்தின் அடி எவ்வளவு நீள்கிறது என்று தாளிலேயே தெரியும்.